எம்-சாண்ட் பாலை

தாராபுரம் தாண்டி மூலனூர் ரோட்டில்
காற்றாலைகளை எண்ணிக்கொண்டே போனோம்.
நாற்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.
அடுத்ததன் அடியில்
ஒட்டகம் நின்றது.

"வந்தாச்சு" என்றார் திருமூர்த்தி.

ராத்திரிக்குப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு,
ஜிஎஸ்டி தனி.
பத்தாவது கல்யாண நாளுக்கு
ஜெய்சால்மர் என்றுதான் பேச்சு.
ஷிப்மெண்ட் தள்ளிப்போனது, லீவு சுருங்கியது,
பாலை
எழுபது கிலோமீட்டருக்குள் கிடைத்துவிட்டது.

தலைப்பாகை கட்டிய பையன்
பித்தளைத் தம்ளரில் ஏதோ நீட்டி
"மார்வாடி சாஸ் மேடம்" என்றான்.
பெருங்காயம், கொத்தமல்லி.
மோர்.

படத்தில் மணல்மேடு
வானத்தில் பாதியை மறைத்திருந்தது.
இங்கே என் இடுப்பளவு.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார்கள்.
இரண்டாம் அடியில் உள்ளங்காலைக் கீறியது.
ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன்:
சாம்பல் நிறம், முனை மழுங்காத பொடிக்கல்,
எங்கள் மாடி கட்டியபோது
வாசலில் வந்து கொட்டிய அதே எம்-சாண்ட்.
எந்தக் காற்றும் தேய்க்காத மணல்.
காங்கயம் பக்கத்துக் கிரஷரில்
மூன்று ஷிப்டில் அரைத்த பாலை.

கூடாரத்தைச் சொல்லியாக வேண்டும்.
பதினாலு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள்,
துணியைக் கண்டால் கண் தையலுக்குத்தான் போகும்.
வெந்தய நிற உள்சீலை, ஜரிகைக் கரை,
கட்டிலுக்கு நேர் மேலே
நாலு விரற்கடை தையல் விட்டிருந்தது.
என் டேபிளுக்கு வந்திருந்தால்
சிவப்பு ஸ்டிக்கர்.
"இங்கயும் ஆரம்பிச்சுட்டயா?" என்றார்.
நான் வாயே திறக்கவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான்.

ஒட்டகக்காரர் பூராராம்.
பார்மர் பக்கம் ஊர், வந்து ஆறு வருஷம்.
"ஏறுங்க்கா, ஒண்ணும் பண்ணாதுங்" என்றார்,
எங்கள் சித்தப்பா பேசுவது போலவே.
உங்க ஊர் மணல் எப்படி இருக்கும் என்றேன்.
சிரித்தார். கயிற்றை இழுத்தார்.
ஒட்டகம் வரவில்லை.
பக்கத்துக் கொறங்காட்டு வேலியில்
கழுத்தை நுழைத்துக் கிளுவை மென்றது.
அந்தப்புறமிருந்து ஒரு குரல்:
"மறுக்காவும் உட்டுட்டயா?
வேலிய ஆரு, உன்ற மொதலாளியா வந்து கட்டுவான்?"
"நாச்சாக்கா, சித்தெ பொறுங்" என்றார் பூராராம்.

பால்வீதி தெரியும் என்று எழுதியிருந்தார்கள்.
காற்றாலை உச்சிகளில் சிவப்பு விளக்குகள்
அத்தனையும் ஒன்றாய் எரிந்து
ஒன்றாய் அணைந்தன.
கண் இருட்டுக்குப் பழகும்முன்
மறுபடி எரிந்தன.

பதினொரு மணிக்கு மழை.

குடையோடு ஓடிவந்தார் மேனேஜர்.
"மன்னிச்சுக்குங் மேடம், ஃபோர்காஸ்ட்ல இல்லைங்.
நாளைக்குக் காலைல ஜீப் ரைடு
ஃப்ரீயாப் பண்ணிக் குடுத்தர்றோம்."
ஐப்பசியிலிருந்து ஒரு சொட்டு விழாத மண்ணில் நின்று
மழைக்கு மன்னிப்புக் கேட்டார்.
வேலிக்கு அந்தப்பக்கம்
தகரம், குண்டா, பிளாஸ்டிக் குடம்
ஒவ்வொன்றாய் வெளியே வைக்கும் சத்தம்.

முதல் சொட்டு
நான் பார்த்த இடத்திலேயே விட்டு
தலையணையில் விழுந்தது.
அவர் அண்ணாந்து பார்த்தார்.
அப்புறம் என்னைப் பார்த்தார்.
மோர்த் தம்ளரைக் கட்டில் நடுவில் வைத்துவிட்டு
ஆளுக்கொரு ஓரமாய்ப் படுத்தோம்.
டிங்.
கொஞ்ச நேரம் கழித்து, டிங்.
பத்து வருஷம்.

காலையில் பாலை இறுகிப்போயிருந்தது,
தளம் போட்டது மாதிரி.
ஜீப் ஏறவில்லை.

வேலியோரம் நாச்சா கேட்டார்:
"ஏனுங் கண்ணு, இதுக்குள்ள படுத்தெந்திரிக்க
எவ்வளவு வாங்கறாங்?"
"ஒம்பதாயிரம்" என்றேன்.
பாதியாக்கிச் சொல்லியும்
அவர் கை வாய்க்குப் போனது.
"மழைக்குஞ் சேத்தித்தானே?" என்றார்.

கருத்துப் படிவத்தில்
'தையல் விடுதல், ஒன்று, மேஜர்' என்று எழுதினேன்.
மறுபடி வருவீர்களா என்ற கட்டத்தில்
பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்.

கார் தாராபுரம் தாண்டிய பிறகுதான் கேட்டார்,
"பொக்குனு போச்சா?"

"அந்தம்மா குடம் ரொம்பியிருக்குமா?" என்றேன்.
வைப்பரை நிறுத்தினார்.
கண்ணாடி எப்போதோ காய்ந்திருந்தது.